மீனுக்கு ஓர் ஆடை



தடைக்காலம் முடிந்த மறுநாள், ஜூன் 15 இரவு, தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தேன். 61 நாள் கரையில் கிடந்த விசைப்படகுகள் அன்று விடிகாலை 5 மணிக்குக் கடலுக்குப் போயிருந்தன. இரவு 9 மணிக்குள் கரை திரும்பிவிட வேண்டும் என்பது இந்த ஊர்க் கட்டுப்பாடு. எட்டு மணி வாக்கில் ஒன்றன்பின் ஒன்றாகப் படகு விளக்குகள் தெரிய ஆரம்பித்தன. கரையில் காத்திருந்த பெண்கள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார்கள். ஐஸ் உடைக்கும் மிஷின் இரைந்தது. கூடை கூடையாக விளைமீனும் பாறையும் ஊளியும் கலவாவும் இறங்க, ஏலம் விடுகிறவரின் குரல் அத்தனை இரைச்சலுக்கும் மேலே எழுந்தது.

ஒரு பெட்டி விளைமீனை ஏலத்தில் எடுத்த அக்கா ஒருவர் சிமென்ட் தரையில் உட்கார்ந்து, ஒரு வரிசை ஐஸ், ஒரு வரிசை மீன் என்று தன் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். காலையில் முதல் பஸ் பிடித்து, உள்ளே கரிசல்காட்டு ஊர்களுக்குப் போய்த் தெருத்தெருவாக விற்பவர்.

“எப்படிக்கா, நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தாங்குமா?” என்று கேட்டேன்.

“ஐஸ் இருக்குற வரைக்கும் மீனு நம்ம சொல்லு கேக்கும் அண்ணாச்சி. ஐஸ் உருகிட்டா வெலையும் சேந்து உருகிரும். காலையில நான் சொல்றதுதான் வெல. மத்தியானம் ஆயிட்டா அவங்க சொல்றதுதான் வெல” என்றார். சொல்லிவிட்டு, கடைசி மீனின் மேல் இரண்டு கை ஐஸை அள்ளிப் போட்டு, ஈரச் சாக்கால் மூடினார்.

வீடு திரும்பும்போதும் அந்தப் பேச்சுதான் மனதில் ஓடியது. கடலில் உயிரைப் பணயம் வைத்துப் பிடித்த மீனின் மதிப்பு, உருகும் ஐஸின் கையில் இருக்கிறது. காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவே இருக்கிற அந்தச் சில மணி நேரத்தை நீட்டிக் கொடுக்க முடியுமா? இந்த மாதம் உங்களோடு பேச நினைத்தது அதைப் பற்றித்தான்.

மீன் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது? கடல் மீனின் தசையில் டிரைமெத்தில் அமின் ஆக்சைடு என்றொரு பொருள் இருக்கிறது. அதற்கு வாடை கிடையாது. மீன் செத்த பிறகு அதன் தோலிலும் செவுளிலும் குடலிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் அதை டிரைமெத்தில் அமினாக மாற்றுகின்றன. நாம் மூக்கைச் சுளிக்கிற மீன் வாடையின் பெரும்பகுதி இதுதான். இன்னொரு பக்கம், சாளை போன்ற எண்ணெய்ச் சத்துள்ள மீன்களில் அந்த எண்ணெய் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்கத் தொடங்குகிறது. பாக்டீரியாவும் காற்றும் சேர்ந்து செய்கிற வேலை இது. இரண்டையும் விரட்டி விரைவுபடுத்துவது சூடு.

மீன் கெடும் வேகத்துக்கு விஞ்ஞானிகள் போடுகிற ஒரு சுலபமான கணக்கு உண்டு. பூஜ்ஜியம் டிகிரியில் 10 நாள் தாங்கும் மீன், 4 டிகிரியில் 5 நாள்தான் தாங்கும். 10 டிகிரியில் இரண்டரை நாள். 30 டிகிரியில் ஒரு முழு நாள்கூட இல்லை. நம் வீட்டு பிரிட்ஜ் மீனுக்குப் போதுமான குளிர்ச்சி தருவதில்லை என்பதும், ஐஸுக்குள் புதைந்து கிடக்கும் மீனே நல்ல மீன் என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

வாடை என்பது வேதியியலோடு முடிகிற விஷயமும் இல்லை. 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வந்த ஒரு முதிய பெண்ணை, நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்ட செய்தியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவர் பேருந்து நிலையத்தில் நின்று அழுதபடி நியாயம் கேட்டதைத் தமிழ்நாடே பார்த்தது. மீனின் புதுமையைக் காப்பது, அதைச் சுமக்கிறவரின் மானத்தையும் காப்பதுதான்.

நட்டக் கணக்கும் சிறியது அல்ல. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் நடந்து 2015-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு ஒன்று, கடலில் பிடிக்கிற மீனில் 10.52 சதவீதம் வீணாகிறது என்று சொன்னது. பத்துக் கூடையில் ஒரு கூடை! அந்த ஒரு கூடைக்கும் டீசல் எரிந்திருக்கிறது, வலை கிழிந்திருக்கிறது, ஒரு குடும்பம் தூங்காமல் காத்திருந்திருக்கிறது.

நம் முன்னோர் இதற்கு வழி காணாமல் இல்லை. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே அதிகம் உப்பு விளைகிற ஊர் நம்முடையது. கடலும் உப்பளமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது கருவாடு பிறக்காமல் எப்படி இருக்கும்? வெயிலில் காயவைத்தது போக, குடல் நீக்கி உப்பிட்ட மீனைப் பனையோலைப் பாயில் சுற்றி, மணலில் குழி வெட்டிப் புதைத்துப் பக்குவம் செய்யும் முறையும் தென்கடற்கரையில் உண்டு. உப்போடு கொடம்புளி சேர்த்து அயிலையைப் பீப்பாயில் ஊறவைக்கும் பக்குவத்துக்குக் கொழும்புப் பக்குவம் என்றே பெயர். இவையெல்லாம் மீனைக் காத்தன. ஆனால் வேறொரு பண்டமாக மாற்றிக் காத்தன. பச்சை மீனைப் பச்சை மீனாகவே வைத்திருக்க ஐஸை விட்டால் வேறு துணை இல்லை.

துணை இல்லாத இடத்தில்தான் திருட்டு வழி நுழைகிறது. 2018 ஜூன் மாதத்தில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை ‘ஆபரேஷன் சாகர் ராணி’ என்ற பெயரில் சோதனை நடத்தி, பார்மலின் கலந்த மீனை டன் கணக்கில் பிடித்தது. பிணத்தைக் கெடாமல் வைக்கிற மருந்து, சாப்பிடுகிற மீனில்! அந்தச் சமயத்தில் கொச்சியிலுள்ள மத்திய மீன் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தாள் நல்ல பயன் தந்தது. மீனின் மேல் தாளைத் தேய்த்து, ஒரு சொட்டு மருந்து விட்டால் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். பல வீடுகளில் சில வாரம் மீன் சட்டியே அடுப்பேறவில்லை. நேர்மையாக விற்ற கூடைக்காரப் பெண்களும் அதில் அடிபட்டார்கள்.

பார்மலின் செய்வது என்ன? பழைய மீனைப் புது மீன் போலக் காட்டுகிறது. புதிதாகத் தெரிய வைப்பது வேறு, புதிதாக இருக்க வைப்பது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற கோடுதான் இன்று நான் சொல்ல வந்ததற்கு அளவுகோல்.

இனி அந்த ஆடைக்கு வருகிறேன்.

பால் காய்ச்சி இறக்கி வைத்தால், ஆறும்போது மேலே ஒரு தோல் படர்கிறது. நாம் அதற்குப் பாலாடை என்று எவ்வளவு அழகாகப் பெயர் வைத்திருக்கிறோம்! சூடு பட்டதும் பாலின் புரதங்கள் சுருள் அவிழ்ந்து, ஒன்றோடொன்று கைகோத்து, கொஞ்சம் கொழுப்பையும் சேர்த்துக்கொண்டு நெய்கிற துணி அது. பாலுக்கு மட்டுமே உள்ள குணம் இல்லை இது. சோயாப் பாலைக் காய்ச்சினாலும் ஆடை படரும். ஜப்பானியர் அதைக் கம்பியால் தூக்கி எடுத்து, உலர்த்தி, யூபா என்ற பெயரில் பல நூறு ஆண்டுகளாகச் சாப்பிடுகிறார்கள். மக்காச்சோளத்தில் ஸெயின் என்றொரு புரதம் இருக்கிறது. 1821-லேயே பிரித்தெடுக்கப்பட்ட அந்தப் புரதத்தை மாத்திரைகளுக்கும் மிட்டாய்க்கும் முந்திரி, பாதாம் போன்ற பருப்புகளுக்கும் மேற்பூச்சாகப் பூசுகிறார்கள். நாம் அறியாமலே விழுங்கியிருக்கக்கூடிய ஆடை அது.

இதே ஆடையை மீனுக்கு உடுத்திப் பார்க்கலாமே என்பதுதான் உலகின் பல ஆய்வுக்கூடங்களில் இன்று நடக்கிற வேலை. செய்முறை பெரிய மந்திரம் இல்லை. சோயா போன்ற பயறிலிருந்து எடுத்த புரத மாவைத் தண்ணீரில் கரைத்துச் சூடாக்குகிறார்கள். ஆடை நொறுங்காமல் துவள வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் கிளிசரின் சேர்க்கிறார்கள். ஆறிய கரைசலில் மீன் துண்டத்தைச் சிறிது நேரம் அமிழ்த்தி, எடுத்து, வடியவிடுகிறார்கள். துண்டத்தின் மேல் கண்ணாடி போல ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும். உரிக்க வேண்டியது இல்லை. குழம்பிலோ வறுவலிலோ மீனோடு சேர்ந்து வெந்துவிடும்.

இந்த ஆடை என்ன செய்யும்? புரதப் படலம் பிராணவாயுவை எளிதில் உள்ளே விடாது. அதனால் மீன் எண்ணெய் சிக்கு அடிப்பது தாமதமாகும். தசையிலிருந்து நீர் கசிவது குறையும், துண்டம் வாடி வதங்காது. சில வகைப் பயறுப் புரதங்களை நொதிகளால் சிறு துண்டுகளாக உடைத்தால், எண்ணெய் கெடத் துணைபோகும் இரும்பைப் பிடித்துக் கட்டிப்போடும் வல்லமை அவற்றுக்கு வருகிறது. எல்லாவற்றையும் விட முக்கியம், இந்தப் படலம் ஒரு பை போல. கிராம்பு எண்ணெய் போன்ற கிருமி எதிர்ப்புப் பொருளை அதில் வைத்தால், அதை மீனின் மேற்பரப்பிலேயே தங்கவைத்து மெல்ல மெல்ல வெளிவிடும். குளிரோடு சேரும்போது மீனின் ஆயுள் சில நாள் நீள்வதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த அக்காவுக்கு நாள்கூட வேண்டாம். ஒரு பொழுது நீண்டால் போதும்.

நம் ஊருக்கு இது புதுப் பேச்சும் அல்ல. 1977-ல் தொடங்கிய தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில், கலவா மீனின் எலும்பிலிருந்து ஜெலட்டின் எடுத்து, கிருமி எதிர்ப்புப் பொருள் சேர்த்துப் படலமாக்கி, மீன் துண்டங்களுக்கு மேலுறையாக உதவுமா என்று ஆராய்ந்திருக்கிறார்கள். மீனைக் காக்க மீனின் எலும்பு! அதே கல்லூரியில், உலர்பனியையும் சாதாரண ஐஸையும் சேர்த்து விளைமீனை வைத்துப் பார்த்த ஆய்வும் நடந்தது. கொச்சி நிறுவனம் இறால் ஓட்டிலிருந்து எடுக்கிற கைட்டோசானைக் கொண்டு மேற்பூச்சு செய்வதில் நெடுங்காலமாக உழைத்துவருகிறது. அடித்தளம் இருக்கிறது. பயறுப் புரதம் அதன் மேல் வைக்கிற அடுத்த கல்.

ஏன் பயறு? இங்கேதான் என் மனம் கரிசல் பக்கம் திரும்புகிறது. தூத்துக்குடி என்றால் துறைமுகமும் உப்பளமும் மட்டும் இல்லை. விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி என்று வானம் பார்த்த கரிசல் பூமியும் இதே மாவட்டம்தான். உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் அங்கே விளைகின்றன. மக்காச்சோளத்தில் மாவுச் சத்தைப் பிரித்தபின் மிஞ்சும் புரதம் பெரும்பாலும் தீவனத்துக்குப் போகிறது. பருப்பு உடைக்கும்போது விழுகிற குருணையும் தூசியும் அப்படித்தான். அவற்றிலும் புரதம் இருக்கிறது. அந்த அக்கா தினமும் பஸ்ஸில் கடலைக் கரிசலுக்குக் கொண்டுபோகிறார். கரிசல் தன் பங்குக்குக் கடலுக்கு ஓர் ஆடை நெய்து அனுப்பக் கூடாதா?

விதைகளுக்குத் தங்களைக் காத்துக்கொள்ளவும் தெரியும். பயறு வண்டு தாக்காத ஒரு பாசிப்பயறு வகையை ஆராய்ந்தபோது, அதில் ‘வி.ஆர்.டி. 1’ என்று பெயரிட்ட ஒரு சிறு புரதம் வண்டையும் எதிர்த்தது, சில பூஞ்சைகளையும் எதிர்த்தது. இப்படிப்பட்ட தற்காப்புப் புரதங்கள் பல தாவரங்களில் இருக்கின்றன. பயறு வண்டும் மீன் பாக்டீரியாவும் ஒன்றல்ல, அங்கே பலித்தது இங்கேயும் பலிக்கும் என்று நான் சொல்லவில்லை. கைப்பிடிப் பாசிப்பயறுக்குள் இன்னும் தேடிப்பார்க்க வேண்டியது இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

உங்களிடம் நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. இந்த ஆடைக்கு எல்லைகள் உண்டு.

புரதம் பாக்டீரியாவுக்கும் சாப்பாடுதான். கிருமி எதிர்ப்புப் பொருள் எதுவும் இல்லாமல், குளிரும் இல்லாமல் வெறும் புரதத்தைப் பூசினால், திருடனுக்கு விருந்து வைத்த கதை ஆகிவிடும். உருகுகிற ஐஸ் தண்ணீரில் ஆடை கரைந்து போகவும் கூடும். ஆகவே ஐஸில் நேரே புதைக்கும் முழு மீனைவிட, வெட்டி, உறையில் இட்டு, ஐஸின் நடுவே வைக்கும் துண்டங்களுக்கே இது அதிகம் பொருந்தும். காற்றை அடைக்கும்போது, காற்றில்லாத இடத்தில் வளர்கிற குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் போன்ற பொல்லாத கிருமிகளையும் நினைவில் வைக்க வேண்டும். அவற்றுக்குக் கடிவாளம் விடாத குளிர்தான்.

சூரை, அயிலை போன்ற மீன்கள் சரியான ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உண்டாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். அப்படிப்பட்ட மீனுக்கு வாடை வராமல் ஆடை போர்த்தினால் அது பார்மலினின் தம்பிதான். படகில் ஏறிய நிமிடத்திலிருந்து ஐஸில் இருந்த மீனுக்கு மட்டும்தான் இந்த ஆடை உடுத்த உரிமை இருக்கிறது.

ஒவ்வாமையும் உண்டு. சோயா, கோதுமை, வேர்க்கடலை ஆகியவை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. உணவுப் பாதுகாப்புச் சட்ட விதிகளே அவற்றை லேபிளில் சொல்லியாக வேண்டிய பட்டியலில் வைத்திருக்கின்றன. மீன் மேல் எதைப் பூசினோம் என்று பெட்டியில் எழுத வேண்டும். தெருவில் விற்கும்போது வாயால் சொல்ல வேண்டும். சொல்லிக்கொண்டு செய்ய முடிகிற வழியே நல்ல வழி. பார்மலின் போட்ட எவரும் அதைச் சொல்லிவிட்டு விற்றதில்லை.

இந்தக் கடற்கரைக்கு மென்படலத்தின் அருமை தெரியாமல் இல்லை. தொள்ளாயிரம் பார் முதலான முத்துப் பார்களில் மூழ்கி எடுத்த சிப்பிகளை அந்தக் காலத்தில் கரையில் குவித்து அழுக விடுவார்கள். நாற்றம் ஊரைத் தூக்கும். சதை கரைந்து போனபின் கழுவி அரித்தால் முத்து கிடைக்கும். அத்தனை அழுகலுக்கு நடுவே முத்து மட்டும் எப்படிப் பளபளத்தது? முத்து என்பது சுண்ணாம்புச் சத்து ஆயிரக்கணக்கான மெல்லிய அடுக்குகளாகப் படிந்தது. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே சாந்தாக இருப்பது சிப்பி சுரந்த புரதம். எடையில் மிகக் கொஞ்சம்தான். அது இல்லையென்றால் முத்துக்கு உறுதியும் இல்லை, ஒளியும் இல்லை.

இங்கே கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. அதன்பின் பார்கள் மலடாகிவிட்டன என்று எல்லோரும் கைவிட்ட நேரத்தில், பக்கத்து வேப்பலோடையில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் 1973-ல் உருண்டையான வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். சிப்பிக்குள் ஒரு சிறு மணியை வைத்து, அதன்மேல் அடுக்கு படரும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்கள். ஆய்வுக்கூடமும் கடலும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதை இந்த மண் ஐம்பது ஆண்டுக்கு முன்பே பார்த்துவிட்டது.

2023-24-ல் இந்தியா 17 லட்சத்து 81 ஆயிரம் டன் கடல் உணவை ஏற்றுமதி செய்து 60,523 கோடி ரூபாய் ஈட்டியது. அந்த மீனுக்குக் குளிர்சாதனக் கிடங்கு இருக்கிறது, கன்டெய்னர் இருக்கிறது, சோதனைச் சான்றிதழ் இருக்கிறது. மகிழ்ச்சி. புது நுட்பம் எது வந்தாலும் முதலில் அந்தப் பக்கம்தான் போகும் என்பதும் தெரிந்ததே. என் ஆசை, இந்த ஒன்றாவது தலைகீழாக நடக்க வேண்டும் என்பது. நம் ஊர்த் திரேஸ்புரத்து நாட்டுப்படகில் வந்த மீனுக்கும், பஸ்ஸில் போகிற ஐஸ் பெட்டிக்கும் முதலில் கிடைக்க வேண்டும். விலை மலிவாக, ஒரு வாளித் தண்ணீரில் கரைக்கிற பொட்டலமாக, கற்றுக்கொடுக்க ஆள் வைத்து. அதற்கு முன்பு நம் சாளையிலும் விளைமீனிலும், நம் வெயிலில் வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். வேறு கடலின் மீனுக்கு வந்த முடிவை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அந்த வேலைக்கு நம் கல்லூரியை விடப் பொருத்தமான இடம் எது? மகளிர் குழுக்களும் கரிசல் உழவர் குழுக்களும் ஒரே மேசையில் உட்கார அதைவிட நல்ல காரணம் எது?

அதுவரைக்கும் நம் கையில் இருப்பதைச் செய்வோம். மீன் வாங்கும்போது செவுளைப் பாருங்கள், சிவப்பாக இருக்கட்டும். விரலால் அழுத்துங்கள், பள்ளம் உடனே நிரம்பட்டும். கண் புடைத்துத் தெளிவாக இருக்கட்டும். பெட்டியில் ஐஸ் தாராளமாக இருந்தால், அந்த ஐஸுக்கும் சேர்த்து ஐந்து பத்து கூடக் கொடுங்கள். மீனும் ஐஸும் சரிக்குச் சரி இருந்தால்தான் நம் வெயிலுக்குத் தாங்கும், அந்த ஐஸை வாங்குகிறவர் அவர்தான். மத்தியானம் ஆகிவிட்டது என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்காதீர்கள்.

உங்கள் வீட்டில், உங்கள் ஊரில் மீனைக் காக்க என்ன செய்வார்கள்? மஞ்சள் தடவுவார்களா, புளி போடுவார்களா, எந்த இலையில் சுற்றுவார்கள்? பாட்டி சொன்னதையும் அம்மா செய்ததையும் எழுதி அனுப்புங்கள். அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுவோம். ஆராய்கிறவர்களுக்கு அதில் ஏதாவது ஒரு நூல் அகப்படலாம்.

அன்று இரவு புறப்படும் முன் அந்த அக்காவிடம், பயறிலிருந்து மீனுக்கு ஒரு பூச்சு செய்கிறார்களாம், ஐஸோடு சேர்த்தால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்குமாம் என்று சொன்னேன். பெட்டியின் கயிற்றை இறுக்கிக்கொண்டே கேட்டவர், நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“பிள்ளைக சாப்புடலாமா அண்ணாச்சி?”

எந்த ஆய்வும் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. அவருக்கு நிச்சயமாக ‘ஆமாம்’ என்று சொல்லக்கூடிய நாளில், இந்தப் பக்கத்திலேயே உங்களுக்கும் சொல்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்